சிகாகோல பழைய வீட்டுக்குக் குடிவர்றீங்களா? லெட் பைப், குடிதண்ணி பத்தி முதல் மாசத்துலயே செஞ்சு முடிக்க வேண்டியது

சிகாகோவுக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்து, டெவான் அவென்யூ பக்கம், ராஜர்ஸ் பார்க், ஆல்பனி பார்க் மாதிரி ஏரியால பழைய டூ-ஃபிளாட்லயோ (மாடிக்கு ஒண்ணா ரெண்டு வீடு இருக்கற கட்டடம்) பங்களோலயோ குடியேறுற நம்ம ஆளுங்களுக்காக இத எழுதறேன். வீடு வாங்கப் போறவங்களுக்குப் பின்பாதி உதவும். நாங்க கைக்குழந்தையோட இப்படி ஒரு வீட்டுக்கு வந்தப்ப இதையெல்லாம் ஒரே இடத்துல எடுத்துச் சொல்ல ஆளில்ல, ஒவ்வொண்ணா தேடி, போன் பண்ணி, காத்திருந்து, திரும்பப் போன் பண்ணித்தான் தெரிஞ்சுகிட்டோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

விஷயம் இதுதான். சிகாகோ தண்ணி மிச்சிகன் ஏரியிலேர்ந்து வருது, சுத்திகரிப்பு நிலையத்த விட்டுக் கிளம்பும்போது அதுல லெட், அதாவது காரீயம், இல்ல. ரோட்டுக்கு அடியில இருக்கற பெரிய மெயின்லேர்ந்து உங்க வீட்டுக்குப் பிரிஞ்சு வர்ற சின்னக் குழாய் இருக்கே, சர்வீஸ் லைன்னு சொல்றது, அது இங்க ஏகப்பட்ட வீட்டுல காரீயத்துல செஞ்சது. சின்னக் கட்டடங்களுக்கு லெட் பைப்தான் போடணும்னு 1986 வரைக்கும் சிட்டி விதியே இருந்துச்சு, அதனால இன்னிக்கும் சுமார் 4 லட்சம் லெட் லைன் பூமிக்கடியில கிடக்கு, அமெரிக்காவுல வேற எந்த ஊர்லயும் இவ்வளவு கிடையாது. லெட்டுக்கு நிறம் இல்ல, வாசனை இல்ல, ருசி இல்ல. குழந்தைங்களுக்கு இவ்வளவு வரைக்கும் பரவாயில்லன்னு ஒரு அளவே கிடையாது, மூளை வளர்ச்சியத்தான் அது முதல்ல தொடும். கர்ப்பமா இருக்கறவங்க உடம்புலேர்ந்து வயித்துல இருக்கற குழந்தைக்கும் போகும்.

எல்லாரும் டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு அப்புறம் ஃபில்டர் வாங்கலாம்னு நினைக்கறாங்க. வரிசைய மாத்திக்கோங்க. டெஸ்ட் ரிசல்ட் வர வாரக்கணக்குல ஆகும், ஃபில்டர் இன்னிக்கு சாயந்திரமே கடையில கிடைக்கும்.

1. முதல் நாளே ஃபில்டர் வாங்குங்க, சரியான ஃபில்டரா வாங்குங்க

ஊர்லேர்ந்து நாம கொண்டுவர்ற பழக்கம் எதுவும் இங்க கை கொடுக்காது, அத முதல்ல சொல்லிடறேன்.

தண்ணியக் கொதிக்க வச்சா கிருமிதான் சாகும், லெட் அப்படியே இருக்கும். ஆவி போய்த் தண்ணி குறையறதால மிச்சம் இருக்கற தண்ணியில அதோட அளவு கூடத்தான் செய்யும். "நாங்க எப்பவும் காய்ச்சித்தான் குடிப்போம்"னு அம்மா அப்பா சொல்வாங்க, ஊர்ல இருந்து வந்து தங்குறவங்களுக்கு இத உக்கார வச்சுப் பொறுமையாப் புரிய வைங்க, ஏன்னா பேரக்குழந்தைக்குப் பால் கலக்கறது பெரும்பாலும் அவங்கதான்.

டிடிஎஸ் மீட்டர வச்சு லெட்டக் கண்டுபிடிக்க முடியாது. அது காட்டறது மொத்த உப்பு, அதுவும் மில்லியன்ல எத்தனை பங்குன்னு. லெட்ட அளக்கறது பில்லியன்ல எத்தனை பங்குன்னு, அதாவது பிபிபி. 15 பிபிபி லெட் இருந்தாலும் அந்த மீட்டர்ல ஒரு நம்பர் கூட நகராது. வீட்டுக்கு வந்து மீட்டரத் தண்ணியில முக்கிக் காட்டி "பாருங்க எவ்வளவு மோசம்"னு ஆயிரக்கணக்குல மெஷின் விக்கிற ஆளுங்க இருக்காங்க, சிட்டிலேர்ந்து வர்றோம்னு கூட சொல்வாங்க, கதவச் சாத்திடுங்க. ஊர்லேர்ந்து யூவி மட்டும் இருக்கற பியூரிஃபையரத் தூக்கிட்டு வந்திருந்தா அதுவும் கிருமிக்குத்தான், லெட்டுக்கு இல்ல.

ஃபில்டர் வாங்கும்போது பாக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு: டப்பாவுல "என்எஸ்எஃப் / ஆன்சி 53"னு போட்டு, அதுக்குப் பக்கத்துல லெட்டுக்குச் சான்று இருக்குன்னு தனியா எழுதியிருக்கணும். 53னு மட்டும் இருந்தாப் போதாது, அந்த நம்பர் வேற சில பொருளுக்கும் வரும். 42னு மட்டும் இருந்தா குளோரின் வாசனைக்குத்தான். ஆர்ஓ மெஷின்னா 58. எல்லாரும் வாங்குற பிரிட்டா ஜாடியில சாதா வெள்ளை ஃபில்டர் லெட்டுக்கு ஆகாது, அதே ஜாடியில போடற எலைட்ங்கற நீல ஃபில்டருக்குத்தான் லெட் சான்று இருக்கு. கடையில ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல தொங்கும், வெள்ளை கொஞ்சம் விலை கம்மி, அதனால கை அதுக்குத்தான் போகும். ப்யூர் கம்பெனியோட குழாயில மாட்டுற ஃபில்டருக்கும் சான்று இருக்கு, ஆனா வாங்கறதுக்கு முன்னாடி உங்க கிச்சன் குழாயப் பாருங்க. இழுத்து வெளிய எடுக்கற ஸ்ப்ரே குழாயா இருந்தா அதுல மாட்ட முடியாது. ஃப்ரிட்ஜ்ல வர்ற தண்ணியும் ஐஸும் அதுக்குள்ள இருக்கற ஃபில்டருக்கு லெட் சான்று இருந்தாத்தான் கணக்கு.

செலவு: ஜாடி ஃபில்டரோட சேத்து சுமாரா 30லேர்ந்து 45 டாலர். மாத்து ஃபில்டர் ஒண்ணு 15, 20 டாலர். எலைட் ஃபில்டர் 120 கேலன் வரைக்கும்னு போட்டிருப்பான், ஆறு மாசம் வரும்னும் சொல்வான், ஆனா அது நம்ம சமையலுக்குப் போட்ட கணக்கு இல்ல. நாலு பேர் வீட்டுல குடிக்க, காபி டீ, சாதம், சாம்பார், ரசம்னு எல்லாத்துக்கும் எடுத்தா ஒரு நாளைக்கு ரெண்டு மூணு கேலன் ஓடிடும், அப்ப ஒன்றரை ரெண்டு மாசத்துல ஃபில்டர் முடிஞ்சிரும். கேலன் கணக்க நம்புங்க, மாசக் கணக்க நம்பாதீங்க. மாத்துன தேதிய மூடி மேல ஒரு டேப் ஒட்டி எழுதிடுங்க. ஜாடி மெதுவாத்தான் இறங்கும், சமையல் நேரத்துல பொறுமை போயிரும், அதனால பெரிய டிஸ்பென்ஸர் ஒண்ணு கவுண்டர் மேல வச்சு ராத்திரியே ரொப்பி வச்சிடறது நல்லது. அவசரத்துல குழாய்த் தண்ணியப் பிடிச்சு ஊத்துற சபலம் வராது.

எதுக்கு ஃபில்டர் தண்ணி, எதுக்குச் சாதா தண்ணி? வாய்க்குள்ள போற எல்லாத்துக்கும் ஃபில்டர். அரிசி பருப்புக் களையற முதல் ரெண்டு தண்ணி குழாயிலயே பிடிக்கலாம், அதக் கொட்டத்தான் போறோம். ஊற வைக்கிற தண்ணி, குக்கர்ல வைக்கிற தண்ணி, மாவு ஆட்டும்போது தெளிக்கிற தண்ணி எல்லாம் ஃபில்டர்லேர்ந்து எடுங்க, ஏன்னா அரிசியும் பருப்பும் தண்ணிய உறிஞ்சும்போது அதுல இருக்கறதையும் சேத்து உறிஞ்சும். பொடிப் பால் கலக்கறது கண்டிப்பா ஃபில்டர் தண்ணியில. குளிக்க, துணி துவைக்க, பாத்திரம் கழுவ குழாய்த் தண்ணி போதும், தோல் வழியா லெட் உள்ள போறது மிக மிகக் கம்மி. குழந்தை குளிக்கும்போது அந்தத் தண்ணியக் குடிக்காமப் பாத்துக்கோங்க.

சுடுதண்ணிக் குழாயிலேர்ந்து சமையலுக்குப் பிடிக்கவே கூடாது. குக்கர் சீக்கிரம் கொதிக்கட்டும்னு அந்தப் பக்கம் திருப்புற பழக்கம் நிறைய வீட்டுல இருக்கு. சூடான தண்ணி லெட்ட அதிகமாக் கரைக்கும். அதே மாதிரி குழாயில மாட்டுன ஃபில்டர் வழியாவும் சுடுதண்ணி விடாதீங்க, ஃபில்டர் கெட்டுரும்.

ராத்திரி பூரா, இல்ல வேலைக்குப் போயிட்டு வர்ற வரைக்கும், ஆறு மணி நேரத்துக்கு மேல தண்ணி ஓடாம இருந்தா முதல்ல ஒரு அஞ்சு நிமிஷம் பச்சத்தண்ணியத் திறந்து விடுங்க. யாராவது குளிச்சு முடிச்சிருந்தா அதுவே பாதி வேலை முடிஞ்ச மாதிரி, அப்ப கிச்சன்ல கொஞ்ச நேரம் விட்டாப் போதும். தண்ணி மீட்டர் இருந்தாலும் இதுக்கு ஆகறது சில சென்ட்தான். இது ஃபில்டருக்குத் துணை, ஃபில்டருக்குப் பதில் இல்ல.

2. உங்க வீட்டுக்கு வர்றது என்ன பைப்னு பாருங்க

முதல்ல கட்டடத்தோட வயசும் அளவும். 1986க்கு முன்னாடி கட்டுன தனி வீடு, டூ-ஃபிளாட், த்ரீ-ஃபிளாட்னா லெட் இருக்குன்னே வச்சுக்கோங்க. டவுன்டவுன்ல இருக்கற உயரமான கட்டடத்துக்கெல்லாம் பெரிய குழாய் வேணும், ரெண்டு இஞ்சுக்கு மேல போனா லெட்ல போட மாட்டாங்க, அதனால அங்க சர்வீஸ் லைன் பிரச்சினை பொதுவா வராது. உள்ள இருக்கற பழைய பித்தளைக் குழாய், சால்டர் வச்ச ஜாயின்ட்ல கொஞ்சம் இருக்கலாம், அவ்வளவுதான்.

சிட்டியோட வெப்சைட்ல அட்ரஸப் போட்டா உங்க லைன் என்ன ரகம்னு காட்டும்: லெட், லெட் இல்ல, கால்வனைஸ்ட் (துத்தநாகம் பூசுன இரும்பு), அன்நோன் (என்னன்னு தெரியல). அன்நோன்னு வந்தா நிம்மதியாயிடாதீங்க, லெட்னே நினைச்சுக்கோங்க. 2024 கடைசிலேர்ந்து மத்திய அரசு விதிப்படி இப்படிப்பட்ட வீடுகளுக்கெல்லாம் தண்ணித் துறை லெட்டர் அனுப்பணும், வாடகைக்கு இருக்கறவங்களுக்கும் சேத்து. பாக்க விளம்பர லெட்டர் மாதிரிதான் இருக்கும், கிழிச்சுப் போட்டுறாதீங்க, பத்திரமா வச்சுக்கோங்க, பின்னாடி ஓனர்கிட்ட பேசும்போது உதவும்.

அப்புறம் நேர்ல ஒரு தடவை பாருங்க. பேஸ்மென்ட்ல, ரோட்டைப் பாத்த சுவர்ல, தரையிலேர்ந்தோ சுவத்துலேர்ந்தோ ஒரு குழாய் வந்து மெயின் வால்வுல முடியும். வால்வுக்கு முன்னாடி இருக்கற துண்டுதான் நமக்கு வேணும். மங்கிப்போன சாம்பல் நிறத்துல, கொஞ்சம் வளைஞ்சு, வால்வுகிட்ட வெங்காயம் மாதிரி உருண்டையாப் புடைச்சு ஒரு ஜாயின்ட் இருந்தா அநேகமா லெட்தான். ஒரு நாணயத்தால லேசாச் சுரண்டுங்க. பளபளன்னு வெள்ளியா மின்னி, ஃப்ரிட்ஜ் காந்தத்த வச்சா ஒட்டலன்னா லெட். காந்தம் ஒட்டுனா கால்வனைஸ்ட் இரும்பு. செப்புக்காசு நிறம்னா காப்பர். கத்தி, அரம் எதையும் வச்சு ராவாதீங்க, சுரண்டினதும் கையக் கழுவிடுங்க. வெளிச்சம் போட்டுத் தெளிவா ரெண்டு மூணு போட்டோ எடுத்துடுங்க.

இதுல ஒரு பொறி இருக்கு. உள்ள தெரியறது காப்பரா இருந்தாலும் சுவருக்கு வெளிய, ரோட்டு வரைக்கும் லெட் இருக்கலாம், எப்பவோ யாரோ பாதிய மட்டும் மாத்தியிருப்பாங்க. அதனால காப்பரப் பாத்து முடிவு கட்டாதீங்க, வீட்டோட வயசையும் சிட்டி ரெக்கார்டையும் சேத்துப் பாருங்க.

3. 311ல இலவச டெஸ்ட் கிட் கேளுங்க

311ங்கறது சிட்டியோட உதவி நம்பர். அதுக்குப் போன் பண்ணலாம், ஆப்லயும் கேக்கலாம். காசு கிடையாது, வாடகைக்கு இருக்கறவங்களும் கேக்கலாம். ரிக்வெஸ்ட் நம்பரக் கண்டிப்பா எழுதி வச்சுக்கோங்க, அது இல்லாம பின்னாடி விசாரிக்கறது ரொம்பக் கஷ்டம். கிட் வர்றதுக்கும் வாரக்கணக்கு ஆகும், ரிசல்டுக்கும் வாரக்கணக்கு ஆகும். அவ்வளவு பொறுக்க முடியலன்னா இல்லினாய் மாநிலச் சான்று பெற்ற தனியார் லேப்ல காசு கொடுத்துப் பாத்துக்கலாம்.

கிட்ல மூணு பாட்டில். முதல் பாட்டில் குழாயத் திறந்த உடனே, ரெண்டாவது ரெண்டு மூணு நிமிஷம் ஓடினதுக்கு அப்புறம், மூணாவது அஞ்சு நிமிஷம் கழிச்சு. ஏன் மூணுன்னா, திறந்த உடனே வர்றது குழாய்க்குள்ளயும் வீட்டுக்குள்ளயும் நின்ன தண்ணி, வெளிய இருக்கற லெட் லைன்ல நின்ன தண்ணி அதுக்குப் பின்னாடிதான் வரும். 2013ல இபிஏ (மத்திய அரசோட சுற்றுச்சூழல் துறை) ஆளுங்க சிகாகோ வீடுகள்ல செஞ்ச ஆய்வுல இதத்தான் கண்டுபிடிச்சாங்க, முதல் பாட்டில மட்டும் பாத்தா நிறைய லெட் கணக்குல வராமப் போயிருதுன்னு. தனியார் லேப்ல பாக்கறவங்களும் ஒரு பாட்டிலோட நிறுத்தாதீங்க.

எடுக்கற முறைதான் முக்கியம். குறைஞ்சது ஆறு மணி நேரம் வீட்டுல எங்கயுமே தண்ணி ஓடக்கூடாது, டாய்லெட் ஃப்ளஷ் கூட. டூ-ஃபிளாட்ல ரெண்டு வீட்டுக்கும் ஒரே லைன்தான், அதனால மேல் வீட்டுக்காரங்ககிட்டயும் முந்தின நாளே சொல்லி வைங்க, இல்லன்னா அவங்க காலைல நாலு மணிக்கு எழுந்து குளிச்சா உங்க டெஸ்ட் போச்சு. கிச்சன் பச்சத்தண்ணிக் குழாய், ஃபில்டரக் கழட்டிட்டு. குழாய் நுனியில இருக்கற வலைய இதுக்காகக் கழட்டிக் கழுவாதீங்க, எப்பவும் எப்படிக் குடிக்கறீங்களோ அப்படியே எடுக்கணும். அந்த வலைய மாசத்துக்கு ஒரு தடவை கழட்டிக் கழுவறது தனி வேலை, அதுல லெட் துகள் தங்கும்.

4. ரிசல்ட்ட எப்படிப் படிக்கறது

15 பிபிபிங்கறது மத்திய அரசு தண்ணித் துறைய நடவடிக்கை எடுக்கச் சொல்ற அளவு, 2024 அக்டோபர்ல வந்த புது விதிப்படி 2027 கடைசிலேர்ந்து அது 10 ஆகுது. ரெண்டுமே "இதுக்குக் கீழ இருந்தா ஆபத்து இல்ல"ங்கற அளவு கிடையாது, இத நிறைய பேர் தப்பா எடுத்துக்கறாங்க. கடையில விக்கிற பாட்டில் தண்ணிக்கு அமெரிக்காவுல எல்லை 5. பள்ளிக்கூடக் குழாய்ல 1க்கு மேல இருக்கக் கூடாதுன்னு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்லுது. அதனால 7, 8னு வந்து "நார்மல்"னு யாராவது சொன்னா கேட்டுக்காதீங்க.

முதல் பாட்டில் மட்டும் அதிகம்னா கிச்சன் குழாயோ உள் குழாயோ காரணமா இருக்கலாம், குழாய மாத்துனாலே குறையலாம். ரெண்டாவதோ மூணாவதோ அதிகம்னா வெளிய இருக்கற லைன். 15க்கு மேல வந்தா 311ல திரும்பக் கூப்பிட்டு அடுத்து என்னன்னு கேளுங்க, ஆளனுப்பிப் பாக்கச் சொல்லுங்க, இலவச ஃபில்டரும் கேளுங்க.

லெட் லைன் இருக்கு, ஆனா ரிசல்ட் குறைவுன்னு வந்தா? ஃபில்டர விட்டுறாதீங்க. லெட் அளவு ஒரே மாதிரி நிக்காது, வெயில் காலத்துல கூடும், ரோட்ட தோண்டினாலோ தண்ணி மீட்டர மாட்டினாலோ குழாய் ஆடி உள்ள படிஞ்சது பேந்து வரும். மீட்டர் மாட்டுன சில வீடுகள்ல லெட் கூடினதாலதான் சிட்டி தன்னோட இலவச மீட்டர் திட்டத்தையே 2019ல நிறுத்துச்சு. தெருவுல மெயின் வேலை நடந்தா அன்னிக்கு அதிகக் கவனமா இருங்க.

5. குழந்தைக்கு இரத்தப் பரிசோதனை

ஒரு வயசுலயும் ரெண்டு வயசுலயும் லெட் டெஸ்ட் பண்ணச் சொல்லி குழந்தை டாக்டர்கிட்ட நீங்களே கேளுங்க. ஊர்லேர்ந்து அஞ்சு வயசுல கூட்டிட்டு வந்திருந்தாலும் ஒரு தடவை பாத்துருங்க. டேகேர், ப்ரீ-ஸ்கூல், கிண்டர்கார்டன் சேக்கும்போது ஃபார்ம்ல லெட் டெஸ்ட் விவரம் கேப்பாங்க, அதனால அந்தப் பேப்பர் எப்படியும் வேணும். விரல்ல குத்தி எடுத்தது அதிகமா வந்தா பயந்துறாதீங்க, கையில ஒட்டியிருந்த தூசியாலயும் வரலாம், நரம்புலேர்ந்து எடுத்து உறுதி பண்ணுவாங்க. சிடிசி (மத்திய அரசோட நோய்த் தடுப்பு மையம்) சொல்ற அளவு ஒரு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம், அதுக்கு மேல போனா எங்கேர்ந்து வருதுன்னு தேடணும்.

அப்படித் தேடும்போது தண்ணிய மட்டும் பாக்காதீங்க. 1978க்கு முன்னாடி கட்டுன வீட்டுல ஜன்னல் சட்டம், படிக்கட்டுல உரியற பழைய பெயின்ட்தான் குழந்தைங்களுக்குப் பெரிய காரணம். நம்ம வீட்டுல கூடுதலா சிலது இருக்கு: பாக்கெட் இல்லாம ஊர்லேர்ந்து வர்ற மஞ்சத்தூள், குங்குமம், கண் மை, பஸ்பம் செந்தூரம் மாதிரி சில நாட்டு மருந்து, ரசம் வைக்கிற ஈயச் சொம்பு. நல்ல சொம்பு வெள்ளீயம், ஆனா காரீயம் கலந்ததும் விக்கிறாங்க, பாத்தா வித்தியாசம் தெரியாது. டாக்டர்கிட்ட இதையெல்லாம் வெக்கப்படாம வரிசையாச் சொல்லுங்க, அவங்களுக்கு இதெல்லாம் கேக்கத் தோணாது. இரும்புச்சத்தும் கால்சியமும் குறைஞ்ச உடம்பு லெட்ட அதிகமா இழுக்கும், அதனால கீரை, கேழ்வரகு, பால் எல்லாம் ஒழுங்காக் கொடுங்க.

6. வாடகை வீடா? ஓனருக்கு ஈமெயில்

குழாய மாத்தற முடிவு ஓனர் கையிலதான். வாயால சொன்னா காத்தோட போயிரும், எழுதுங்க. எங்க ஓனர் "முப்பது வருஷமா இதே தண்ணிதான் குடிக்கறோம், ஒண்ணும் ஆகல"ன்னு சொன்னாரு, அவர்கிட்ட உடம்பு பத்திப் பேசிப் பிரயோசனமில்லன்னு தெரிஞ்சதும் வேற வழியாப் போனோம்: இலவசமா மாத்தித் தர்ற திட்டம் இருக்கு, உங்க கையெழுத்து மட்டும் வேணும், வீட்டு மதிப்புக்கும் நல்லதுன்னு. அதுக்குத்தான் அவரு காது கொடுத்தாரு.

ஈமெயில்ல வேணும்கிறது: சிட்டி ரெக்கார்டுல உங்க லைன் என்னன்னு வந்தது, பைப் போட்டோ, டெஸ்ட் ரிசல்ட், வீட்டுல சின்னக் குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தா அது. கேக்க வேண்டியது: சிட்டி லைன மாத்த வந்தா சம்மதம் கொடுப்பீங்களா, அதுவரைக்கும் ஃபில்டர் செலவ ஏத்துக்குவீங்களா. ஃபில்டருக்கு ஒத்துக்கணும்னு கட்டாயம் இல்ல, ஆனா கேட்டா நிறைய பேர் ஒத்துக்கறாங்க. இதுக்காக வாடகையப் பிடிச்சு வைக்காதீங்க, அது வேற வம்புல கொண்டு போய் விடும்.

7. சொந்த வீடா? மாத்தறதுக்கான வழிகள்

காசு கட்டறதுக்கு முன்னாடி இலவச வழி ஏதாவது உங்களுக்கு அமையுதான்னு பாருங்க.

வருமானம் குறைஞ்ச வீட்டுக்காரங்களுக்கு ஈக்விட்டி ப்ரோகிராம்னு ஒண்ணு. வீடு உங்க பேர்ல இருக்கணும், நீங்களே அதுல குடியிருக்கணும், வருமானம் இந்த ஏரியாவோட நடுத்தர வருமானத்துல 80 சதவீதத்துக்குக் கீழ இருக்கணும். வரிசை நீளம், அதனால தகுதி இருந்தா சீக்கிரம் போட்டு வைங்க. ரெண்டாவது, லெட் லைன் தானா உடைஞ்சோ கசிஞ்சோ போனா சிட்டியே முழுசா மாத்தித் தருது. பேஸ்மென்ட் சுவர்ல ஈரம், முன்புறப் புல்லுல காரணமில்லாம சகதின்னு பாத்தா முதல்ல தனியார் ப்ளம்பரக் கூப்பிடாதீங்க, 311க்குச் சொல்லுங்க. மூணாவது, உங்க தெருவுல மெயின் பைப்ப மாத்தும்போது அதோட சேத்து வீட்டு லைனையும் இலவசமா மாத்தறாங்க. உங்க பிளாக் எப்பன்னு வார்டு ஆபீஸ்ல, அதாவது ஆல்டர்மேன் ஆபீஸ்ல கேளுங்க, அடுத்த வருஷம்னு தெரிஞ்சா கைக்காசப் போடவே வேண்டாம். இந்த வேலைக்கு உள்ள வர ஓனர் கையெழுத்து போட்ட அனுமதி வேணும், கதவுல மாட்டிட்டுப் போற பேப்பரக் கவனிங்க. வேண்டாம்னா அதுக்கும் ஒரு வெய்வர் ஃபார்ம் நீட்டுவாங்க, என்னன்னு படிக்காமக் கையெழுத்துப் போட்டுறாதீங்க, இலவசமா வர்றத விட்டுக் கொடுத்ததா ஆயிரும்.

எதுவுமே அமையல, காத்திருக்கவும் மனசில்லன்னா சொந்தச் செலவு. சிகாகோல முழு லைன மாத்த பொதுவா 15,000லேர்ந்து 30,000 டாலர் வரைக்கும் ஆகும், தூரம், ரோடு, மரம் பொறுத்துக் கூடவும் செய்யும். நீங்களா மாத்தறதுக்குன்னு இருக்கற திட்டத்துல சேந்தா சிட்டி பெர்மிட் கட்டணத்த தள்ளுபடி பண்ணும், அதுவே 3,000 டாலருக்கு மேல மிச்சம். வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அப்ளை பண்ணிடணும், முடிச்சுட்டுப் போய் நின்னா பிரயோசனமில்ல. திட்டங்களோட நிபந்தனை வருஷா வருஷம் மாறுது, அப்ளை பண்ற அன்னிக்கு லெட் சேஃப் சிகாகோ வெப்சைட்ல இருக்கறதத்தான் நம்புங்க.

கையில வச்சிருக்க வேண்டிய பேப்பர்: டீட் (வீட்டுப் பத்திரம்) காப்பி, ப்ராப்பர்ட்டி டாக்ஸ் பில் (அதுல இருக்கற 14 இலக்க பின் நம்பர், அதாவது சொத்து அடையாள எண், எல்லா ஃபார்ம்லயும் கேப்பாங்க), தண்ணி பில்லும் அதோட அக்கவுண்ட் நம்பரும், போட்டோ ஐடி, ஈக்விட்டி திட்டத்துக்குப் போன வருஷ டாக்ஸ் ரிட்டர்னும் வீட்டுல சம்பாதிக்கற எல்லாரோட டபிள்யூ-2வும் (வருஷச் சம்பளச் சான்று), பைப் போட்டோ, டெஸ்ட் ரிசல்ட். ஒரே பிடிஎஃப் ஃபோல்டராப் போட்டு வைங்க. டீட்ல இருக்கற பேரும் ஐடியில இருக்கற பேரும் ஒரே மாதிரி இருக்கான்னு பாருங்க. நம்ம இனிஷியல், அப்பா பேர் குழப்பத்துல அப்ளிகேஷன் திரும்பி வரும்.

காண்ட்ராக்டர்கிட்ட மூணு கொட்டேஷனாவது வாங்குங்க, எல்லாத்துலயும் இதெல்லாம் எழுத்துல இருக்கணும்: மெயின்லேர்ந்து வீட்டு வால்வு வரைக்கும் முழு லைனா, காப்பரா, பெர்மிட் யார் எடுக்கறது, நடைபாதை, முன்புறப் புல், பேஸ்மென்ட் காங்கிரீட்ட மூடறது விலையில சேந்ததா, பழைய குழாயில கட்டியிருக்கற கரன்ட் எர்த் வயர யார் சரி பண்றது. கடைசியில சொன்னத நிறைய பேர் கேக்கறதில்ல, ஆனா பழைய வீடுகள்ல எர்த் தண்ணிக் குழாயிலதான் இருக்கும். "உங்க பாதிய மட்டும் மாத்தினா விலை கம்மி"ன்னு யாராவது சொன்னா அவர விட்டுருங்க. பாதி மாத்தறது கொஞ்ச நாளைக்கு லெட்ட கூட்டும், 2022 ஜனவரிலேர்ந்து நடைமுறையில இருக்கற இல்லினாய் சட்டமும் அவசரம் தவிர அத அனுமதிக்கல. குளிர்காலத்துல தரை இறுகிடும், அதனால கொட்டேஷன் வேலைய ஜனவரி பிப்ரவரில முடிச்சு வச்சா வசந்தத்துல முதல் ஆளா தேதி கிடைக்கும். முழுப் பணத்தையும் முன்னாடி கொடுக்காதீங்க, கடைசித் தவணை கொடுக்கும்போது லீன் வெய்வர், அதாவது வீட்டு மேல பாக்கி உரிமை கேக்க மாட்டோம்ங்கற பேப்பர், எழுதி வாங்குங்க. அது இல்லன்னா அவரு சப்-காண்ட்ராக்டருக்குப் பாக்கி வச்சாக்கூட அந்த சப்-காண்ட்ராக்டர் உங்க வீட்டு மேல உரிமை கேக்க வழி இருக்கு.

புதுசா வீடு வாங்கறவங்க இத எல்லாம் க்ளோசிங்குக்கு (பணம் கட்டி வீட்ட உங்க பேருக்கு மாத்தற நாள்) முன்னாடியே பேசுங்க. இன்ஸ்பெக்ஷன் அன்னிக்கே பைப்பப் பாக்கச் சொல்லி, லெட்னா விலையில கழிச்சுக் கேக்கலாம். கான்டோன்னா (ஒரே கட்டடத்துல தனித்தனியா சொந்தமா வாங்குற ஃபிளாட்) லைன் அசோசியேஷனோடது, தனியா ஒண்ணும் செய்ய முடியாது, போர்டு மீட்டிங்ல கொண்டு வரணும்.

8. மாத்துன அன்னிக்கும் அடுத்த ஆறு மாசமும்

தோண்டி மாத்தற வேலை பெரும்பாலும் ஒரு நாள் ரெண்டு நாள்ல முடியும், நடுவுல சில மணி நேரம் தண்ணி இருக்காது, முந்தின ராத்திரியே பிடிச்சு வச்சுக்கோங்க.

முடிஞ்ச உடனே யாரும் ஒரு டம்ளர் கூடக் குடிக்காதீங்க. எல்லாக் குழாயிலயும் வலையக் கழட்டுங்க. பேஸ்மென்ட்லேர்ந்து ஆரம்பிச்சு மேல மேல போயி எல்லாப் பச்சத்தண்ணிக் குழாயையும் முழுசாத் திறந்து, குறைஞ்சது அரை மணி நேரம் விடுங்க, அப்புறம் மேல் மாடிலேர்ந்து மூடிட்டு வாங்க. மாடி வீட்டுல வேற குடும்பம் இருந்தா அவங்களையும் அதே நேரத்துல திறக்கச் சொல்லணும். வலையக் கழுவி மாட்டுங்க, ஃப்ரிட்ஜ்ல இருக்கற ஐஸக் கொட்டுங்க, ஃபில்டர் கார்ட்ரிட்ஜப் புதுசா மாத்துங்க. வெட்டும்போது உதிர்ந்த துகள் உள் குழாயில தங்கிக் கொஞ்சம் கொஞ்சமா வந்துகிட்டே இருக்கும், அதனால லைன் புதுசானாலும் ஆறு மாசம் ஃபில்டர் தண்ணிதான் குடிக்கணும். மூணுலேர்ந்து ஆறு மாசத்துக்குள்ள திரும்ப 311ல கிட் வாங்கி மூணு பாட்டிலும் எடுத்து அனுப்புங்க. வேலை முடிஞ்சதுக்கான பெர்மிட், பில், லீன் வெய்வர் மூணையும் டீட் வச்சிருக்கற ஃபோல்டர்லயே வைங்க, சிட்டி வெப்சைட்ல உங்க அட்ரஸ் இன்னும் லெட்னே காட்டினா அந்த பெர்மிட் நம்பரச் சொல்லி மாத்தச் சொல்லுங்க.